ஆடினால் உடனே வரச் சொன்னார்

மலாயாவின் ஈப்போவில் நான் காய்கறி வாங்குகிற சீனப் பெண்மணிக்கு முன்பற்கள் நான்கும் தங்கம். பேரம் படிந்து அவர் சிரிக்கும்போது வெயில் பட்டுப் பளிச்சென்று மின்னும். இந்த ஊருக்கு வந்த புதிதில் கீரைக்கட்டைப் பார்க்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நம் பக்கத்தில் தங்கம் காதிலும் மூக்கிலும் கழுத்திலும் கிடக்கும். இங்கே வாய்க்குள் கிடக்கிறது. அதைவிட விசித்திரம் பல் கட்டுகிற கடை. தெருவைப் பார்த்து முழுசாகத் திறந்திருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் பற்களை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்திருப்பார். பக்கத்துக் கடையில் காப்பி குடிக்கிறவர்கள் திரும்பி உட்கார்ந்து அதை வேடிக்கை பார்ப்பார்கள். அவரும் வெட்கப்படமாட்டார். தென்காசிப் பக்கத்து இலஞ்சியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறந்து இன்னொருவரிடம் காட்டுவதை நாம் முடிந்தமட்டும் தள்ளிப்போடுகிறவர்கள். முதலில் கிராம்பு, பிறகு உப்புத் தண்ணீர், பிறகு கன்னத்தில் ஒத்தடம். எதற்கும் கேட்காவிட்டால்தான் டாக்டர்.

ரயில் சரக்கு அலுவலகத்தில் நான் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவன். வேலைக்குப் போகிற வழியில்தான் அந்தப் பல் கடை இருக்கிறது. சில வருஷங்களாக நான் தெருவின் அந்தச் சாரியில் நடப்பதில்லை; எதிர்ச்சாரிக்கு மாறிக்கொள்கிறேன். அதற்கான காரணத்தை என் மனைவியைத் தவிர இங்கே யாரிடமும் சொன்னதில்லை. என்னைப்போல் கடல் தாண்டி வந்து, ஊரில் இருக்கிற தன் மனுஷர்களுக்கு எதையாவது செய்து கொடுத்துவிடத் துடிக்கிறவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்கா கோமதி என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அம்மா போனபோது எனக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு வைத்ததும் தலை துவட்டிவிட்டதும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும் அவள்தான். அதே வருஷம் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது கப்பி கழன்று விழுந்து வாயில் அடித்ததில், மேல்வரிசை முன்பல் ஒன்று பாதிக்குமேல் உடைந்துபோயிற்று. அன்றிலிருந்து அவள் பேசினால் இடது கை உதட்டுக்குப் போய்விடும். சிரிப்பு வந்தால் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், நல்லபடியாகப் பேசினார்கள், போனார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். நான் மலாயாவுக்குக் கப்பலேறினேன். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. சித்தப்பா வீட்டில் ஒரு அறையில் இருந்தாள்.

ஐம்பதுகளின் நடுவில் என் மனைவி பார்வதி முழுகாமல் இருந்தாள். பிரசவத்துக்குத் துணை வேண்டும் என்று அக்காவை வரவழைத்தேன். துணை தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் அவள் நாகப்பட்டினத்தில் கப்பலேறுவதற்கு முன்பே நான் மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன், இந்தத் தடவை அந்தப் பல்லைக் கட்டிவிடுவதென்று.

பிள்ளை பிறந்து இரண்டு மாசம் ஆனபின் அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். நடைபாதையிலேயே நின்றுவிட்டாள்.

"ஏலே சுப்பையா, தெருவுல போறவன்லாம் பாக்கான். நான் மாட்டேன். வீட்டுக்குப் போவம்."

"இங்கன யாரும் ஒன்னத் தெரிஞ்சவங்க இல்லக்கா. பாத்துட்டுப் போறான்."

பல் கட்டுகிறவர் ஒல்லியான மனிதர். மூக்கு நுனியில் கண்ணாடி. அக்காவின் வாயை அவர் திறக்கச் சொன்னபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உடைந்த பல்லை அராவிச் சின்ன முளைபோல ஆக்கினார். மெழுகில் அச்செடுத்தார். மூன்றாம் நாள், பின்பக்கம் தங்கத் தகடும் முன்பக்கம் வெள்ளையுமாக ஒரு உறையைக் கொண்டுவந்து, கண்ணாடித் துண்டின்மேல் சிமெண்டு குழைத்து, அந்த முளையின்மேல் மாட்டினார். பல்லைக் கடிக்கச் சொல்லி, இடிக்கிற இடத்தைத் தேய்த்துவிட்டு, மறுபடி கடிக்கச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் கைக்கண்ணாடியை அவளிடம் நீட்டினார். மற்றப் பற்களுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. அக்கா நாக்கால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். அவருடைய மலாய் சீன நாக்கில் புரள்கிற மலாய். என்னுடையது சரக்குக் கொட்டகையில் கற்ற மலாய். இருந்தாலும் எனக்குப் புரிந்தது. இதை இப்போது மறைத்துப் பிரயோஜனமில்லை. எனக்கு எல்லாமே புரிந்தது. "தாஹான் லாமா," என்றார். ரொம்ப நாள் தாங்கும். ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டும். கரி போட்டுத் தேய்க்கக் கூடாது, மெல்லிய தூரிகையால் ஈறும் உறையும் சேருகிற இடத்தைத் தேய்க்க வேண்டும், அந்த இடத்தில்தான் அழுக்கு போய்த் தங்கும். முன்பல்லால் கெட்டியானதைக் கடிக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். கடைசியாக, மேஜைமேல் ஒரு குச்சியை நட்டமாகப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். "கலாவ் கோயாங், செப்பாட் டாத்தாங்." ஆடினால் உடனே வா. வலிக்கிறவரைக்கும் காத்திருக்காதே என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தும் காட்டினார்.

"என்னலே இம்புட்டு நேரமாச் சொல்லுதாரு?" என்றாள் அக்கா.

அவள் திரும்பிப் போக இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. இலஞ்சியில் அவள் யாரிடம் போய் வருஷாவருஷம் காட்டுவாள்? முதல்முறையாக நான் அவளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறேன். அதில் இத்தனை நிபந்தனைகளைச் சேர்த்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. "ஆயுசுக்கும் கவலையே இல்லையாம்க்கா. உன் சொந்தப் பல்லு மாதிரின்னு சொல்லுதாரு," என்றேன்.

தான் அவ்வளவு பேசியதற்கு நான் ஒரே வரியில் முடித்துவிட்டதைக் கவனித்த அவர், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "சுடா?" என்று கேட்டார். சொல்லியாயிற்றா என்று அர்த்தம். பல் சுடுகிறதா என்று கேட்கிறார் என அக்கா நினைத்துக்கொண்டு, "இல்ல, சுடல," என்று தலையை ஆட்டினாள். நான் சிரித்தேன். "சுடா," என்றேன் அவரிடம். ஆயிற்று.

அன்று வீட்டில் பார்வதி ஏதோ சொல்ல அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கை உதட்டுக்குப் போகவில்லை. அக்காவின் சிரிப்புச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் கரகரப்பாக, ஒரு ஆள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வருவதுபோல இருந்தது.

அவள் ஊர் திரும்பி ஆறு மாசத்தில் சித்தப்பா எழுதினார். தென்காசியில் ஆரம்பப்பள்ளி வாத்தியார் ஒருவர், முதல் மனைவி தவறிவிட்டாள், பிள்ளைகள் இல்லை, அமைதியான மனிதர், வந்து பார்த்தார், பிடித்துவிட்டது. பல்லைப் பற்றி அவர்களிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், அது இப்போது சொந்தப் பல் மாதிரிதான் என்று பதில் எழுதினேன். கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. ஒரு படம் வந்தது. மாலையும் கழுத்துமாக அக்கா வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை இங்கே வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன்.

மூன்று வருஷம் கழித்து எனக்கு நீண்ட விடுமுறை கிடைத்தது. மனைவியோடும் பிள்ளையோடும் தென்காசி போய் இறங்கியபோது ஆனி மாசம், சாரல் தொடங்கியிருந்தது. மலைமேல் மேகம் படுத்துக் கிடந்தது. வாசலில் வந்து நின்ற அக்காவைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. மெலிந்திருந்தாள். என் பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டாள், கண் கலங்கினாள், ஆனால் உதடு பிரியவில்லை. கேட்டதற்கு "உம்" என்றும் "இல்ல" என்றும் மட்டும் பதில் வந்தது. சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டு, சோற்றைக் கரையக் கரையப் பிசைந்து, ஒரு பக்கமாக விழுங்கினாள். மாம்பழத்தைக்கூடத் துண்டு துண்டாக நறுக்கிக் கடைவாயில் ஒதுக்கினாள். நான் அக்காவின் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலைநிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த மனிதர் இவளை அடக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். மலாயாவிலிருந்து வந்தவனுக்கு ஒரு மிதப்பு உண்டு. ஊரில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் தவறு செய்துகொண்டிருப்பதாகத் தோன்றும். அவரிடம் நான் கொஞ்சம் முறைப்பாகவே பேசினேன். அவர் என்னை "மாப்ளே" என்று அழைத்து எனக்கு விசிறியை எடுத்துக் கொடுத்தார்.

நான்காம் நாள் எல்லோருமாகக் குற்றாலம் போனோம். சீசன் கூட்டம். எண்ணெய் தேய்க்கிற ஆட்கள் கல்லில் மனிதர்களைக் குப்புறப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. பெண்கள் பக்கம் பார்வதியும் அக்காவும் போனார்கள். அத்தானும் நானும் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றோம். என்ன நடந்தது என்று பார்வதி பிறகு சொன்னாள். அக்கா ஓரத்தில் நின்று கையால் அள்ளி மேலே ஊற்றிக்கொண்டிருந்தாளாம். "வாங்க மதினி, இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஓரத்துல நிக்கீங்களே!" என்று பார்வதி கையைப் பிடித்து அருவிக்குள் இழுத்துவிட்டாள். தண்ணீர் தலையில் இடித்து விழுந்ததும் அக்கா மூச்சு வாங்க வாயைத் திறந்திருக்கிறாள். அடுத்த நொடி குனிந்து, அத்தனை பேர் காலுக்கு நடுவே தரையில் துழாவத் தொடங்கிவிட்டாள். "கம்மல் விழுந்துட்டா மதினி?" என்று பார்வதியும் சேர்ந்து தேடினாள். அக்கா ஈரத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாளாம்.

அவள் வெளியே வந்தபோது அத்தான் துண்டு எடுக்கப் போயிருந்தார். கடைகளின் ஓரமாக ஒதுங்கி நின்றோம். "என்னக்கா?" என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தலைப்பை விலக்கி, ஒரு கணம் வாயைத் திறந்தாள். பல் இருந்த இடத்தில் கறுத்துப்போன ஒரு முளை. அதைச் சுற்றி நைந்த நூல். ஈறு கன்றிச் சிவந்து, ஓரத்தில் சீழ் வைத்திருந்தது. நாற்றம் எனக்கே அடித்தது.

"எப்பலேருந்துக்கா?"

"கலியாணம் ஆயி எட்டு மாசத்துல ஆட ஆரம்பிச்சுட்டு. பொறவு ஒருநா கழண்டு கையிலேயே வந்துட்டு. முளையில நூலைச் சுத்தி, கோந்து தொட்டு மாட்டிக்கிடுவேன். தெனம் விடியக்கால அவுஹ எந்திரிக்கதுக்கு முன்னால."

"எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்லா?"

"என்னன்னு எழுத? ஆயுசுக்கும் நிக்கும்னு அவரு சொன்னாருன்னு நீ சொன்னே. அப்பம் நாந்தானே கெடுத்திருக்கேன்? உமிக்கரி போட்டுத் தேச்சேன்லா, அதுலதான் போயிட்டுன்னு நெனச்சேன். நீ ஆசையாப் பண்ணிக் குடுத்தத நான் மூணு வருசங்கூட வச்சுக்கிடலியேன்னு..." அவள் முடிக்கவில்லை. அத்தான் துண்டோடு வந்துகொண்டிருந்தார். "அவுஹகிட்ட சொல்லிறாதல. ஒன் காலுல விழுதேன்."

நான் சொல்லவில்லை. அக்காவிடம் ஒன்று, சித்தப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் ஒன்று; இது என்னுடைய மூன்றாவது தப்பு.

மறுநாள் அக்கா காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். யாரையும் முகத்தைப் பார்க்க விடவில்லை. துணியைச் சுட வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டாள். அது வீக்கத்தை இன்னும் கிளப்பிவிட்டது. அடுத்த நாள் காலையில் மேலுதடு வீங்கி மூக்கோரம் வழியாகக் கன்னம் ஏறி, ஒரு கண் பாதி மூடிவிட்டது. அத்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்தார். பிறகு எழுந்துபோய் குதிரை வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். அவளை அவரே தூக்கி உட்காரவைத்தார். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அக்கா முனகினாள்.

நல்ல வேளை, திருநெல்வேலியிலிருந்து வாரம் இரண்டு நாள் தென்காசிக்கு வருகிற பல் டாக்டர் அன்று வந்திருந்தார். இளவயதுக்காரர். வாயைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா இது மேல ஏறி மூளையத் தொட்டிருக்கும்," என்று எங்களிடம் சொல்லிவிட்டு, பென்சிலின் ஊசி போட்டார். கீறிச் சீழை எடுத்தார். சின்னச் சாவணத்தால் நூல்துணுக்குகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தார். அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கட்டின பல்லுன்னா அது சாகாதுன்னு நெனச்சுக்கிடுதீங்க," என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே. "மேல மாட்டின கிரவுனுக்குச் சொத்தை வராது. ஆனா உள்ள இருக்கிறது உங்க சொந்தப் பல்லு. சிமெண்டு விட்டுச்சுன்னா அந்தச் சந்து வழியா எச்சிலும் சோறும் உள்ள போகும். வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள அழுகிக்கிட்டே இருக்கும். ஆட ஆரம்பிச்ச அன்னிக்கே வந்திருந்தா, சுத்தம் பண்ணி மறுபடி ஒட்டிக் குடுத்திருப்பேன். கால் மணி நேர வேலை. இப்ப வேரோட எடுக்கணும். பக்கத்துப் பல்லும் தேறுமான்னு தெரியல." பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார். "கட்டினவரு இதெல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருப்பாரு. சொல்லலியாம்மா?"

அக்கா வீங்கிய முகத்தோடு தலையை ஆட்டினாள். இல்லை.

"அப்படிச் சொல்லாம அனுப்புற ஆளுகிட்ட எதுக்குப் போறீங்க?"

அப்போதும் நான் பேசாமல் இருந்திருக்கலாம். பழி, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, பெயர்கூடத் தெரியாத ஒரு சீனர்மேல் விழுந்து அதோடு முடிந்திருக்கும். அக்கா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சொன்னாரு," என்றேன். "எல்லாம் சொன்னாரு. ஆடினா உடனே வரணும்னு சொன்னாரு. நாந்தான் அக்காகிட்ட சொல்லல."

டாக்டர் மருந்தைப் பார்க்கப் போய்விட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வலியாலா, வேறு எதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரைக்கும் நான் கேட்டதில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அத்தான் நின்றார். நான் பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பல்லை மறைத்துக் கல்யாணம் செய்து வைத்ததற்கு அவர் ஆத்திரப்படுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்க்காமலேயே பேசினார்.

"மாப்ளே, பள்ளிக்கூடத்து நோட்டு ஒட்டுததுக்கு நான் கோந்து பாட்டில் வச்சிருக்கேன். வருசத்துக்கு ஒண்ணு வாங்குவேன். அது ரெண்டு மாசத்துல தீர ஆரம்பிச்சுது. ஒருநா விடியக்கால முழிச்சுப் படுத்திருக்கும்போது பாத்துட்டேன். அவ திரும்பி உக்காந்துக்கிட்டு வாய்க்குள்ள என்னமோ வச்சு அமுக்கிக்கிட்டு இருந்தா. பல்லு பொய்ப்பல்லுன்னு எனக்குத் தெரியும் மாப்ளே, ரெண்டு வருசமாத் தெரியும். கேட்டா கூசிப்போவாளேன்னு கேக்கல. தீரத் தீரப் புதுப் பாட்டில் வாங்கி அதே இடத்துல வச்சேன்." வேப்பமரப் பட்டையை நகத்தால் சுரண்டினார். "வலிக்குன்னு எனக்குத் தெரியாது. உள்ள அழுகுதுன்னு தெரியாது. நானே அவளுக்குக் கோந்து வாங்கிக் குடுத்துருக்கேன், பாத்தீரா?"

பிறகு அவரே சொன்னார். "என்கிட்ட மறைச்சத நான் பெருசா எடுத்துக்கல. அவகிட்ட மறைச்சீரு பாத்தீரா, அது எனக்கு ஆற மாட்டேங்கு." அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் என்னிடம் தேவைக்குமேல் பேசவில்லை. நியாயம்தான்.

வீக்கம் வடிய ஆறு நாள் ஆயிற்று. பிறகு வேரையும், கூடவே பக்கத்துப் பல்லையும் எடுத்தார்கள். அந்த நாட்களில் அக்காவுக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்தது அத்தான்தான். அவர் எதிரில் அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை; மூடவும் முடியாது. ஒரு நாள் மத்தியானம் நான் தனியாக அவளிடம் போய் உட்கார்ந்தேன். "அக்கா, நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"போதும்ல," என்றாள். இரண்டு பல் போன வாயில் காற்றுப் புகுந்து சொற்கள் சீறின. "நீ சொல்லியிருந்தா மட்டும் ஆடின அன்னைக்கு நான் கப்பலேறி வந்திருப்பேனா?" பிறகு வேறு குரலில் சொன்னாள். "ஆனா ஒண்ணு. எம்மேல தப்பு இல்லன்னாவது தெரிஞ்சிருக்கும். ரெண்டு வருசம்ல சுப்பையா. தெனம் காலைல அந்தப் பல்ல மாட்டும்போது, ஒருத்தன் குடுத்தத வச்சு வாழத் தெரியாத முண்டம்னு என்னய நானே ஏசிக்கிட்டுல்லா இருந்தேன்."

புண் ஆறியபின் டாக்டர் இரண்டு வழி சொன்னார். இரு பக்கமும் இருக்கிற பற்களை அராவி மறுபடி நிலையாகக் கட்டலாம். அல்லது கழற்றி மாட்டுகிற பல் வைக்கலாம். அக்காவே சொன்னாள். "கழட்டி மாட்டுததே போதும் டாக்டர். கழட்டிப் பாத்தா உள்ள என்ன நடக்குன்னு எனக்குத் தெரியும்லா."

ஈப்போ திரும்பியதும் ஒரு நாள் அந்தக் கடைக்குப் போனேன். உங்கள்மேல் குற்றமில்லை, நான்தான் சொல்லவில்லை என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அவர் கேட்டிருக்கவே இல்லை, எனக்குத்தான் தேவைப்பட்டது. என்னுடைய சரக்குக் கொட்டகை மலாயில் அதைச் சொல்ல முயன்றேன். அக்கா, பல், ஆடியது, விழுந்தது, நான் தப்பு. அவர் பாதியிலேயே புரிந்துகொண்டவர்போலத் தலையாட்டினார். நான் புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். முகம் வாடிவிட்டது. நாற்காலியைத் துணியால் துடைத்து, அதைத் தட்டிக் காட்டி, கூட்டிக்கொண்டு வா, இன்றைக்கே மறுபடி ஒட்டித் தருகிறேன் என்றார். அவள் இந்தியாவில் இருக்கிறாள் என்றேன். பரவாயில்லை, நாளைக்கு வரட்டும் என்றார். அவருக்கு இந்தியா என்பது ஊர்க்கோடியில் தமிழர்கள் குடியிருக்கிற வரிசைதானோ என்னவோ. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தேன்.

போன மாசம் என் மகளுக்கு, அக்கா துணைக்கு வந்தபோது பிறந்த அந்தப் பிள்ளைக்கு, முதல் பல் விழுந்தது. இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போகிறவள். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்கே போட வேண்டும் என்று கேட்டாள். சாணிக்குள் வைத்து உருட்டிக் கூரைமேல் எறிய வேண்டும் என்றேன். சாணி என்றால் என்ன என்று கேட்டாள். அடுத்த வீட்டுச் சீனச் சிறுமியைக் கேட்டுக்கொண்டு வந்து, கீழ்ப்பல் என்றால் கூரை, மேல்பல் என்றால் கட்டிலுக்கு அடியில் என்றாள். எங்கள் குவார்ட்டர்ஸின் தகரக் கூரையைப் பார்த்தேன். சறுக்கிக் கீழே சாக்கடையில் விழும். அவளும் அதைப் பார்த்தாள். "அத்தை வீட்டுக்கு ஓடு தானே அப்பா? அங்க அனுப்புவோம்," என்றாள். பார்வதி சிரித்தாள். நான் சிரிக்காமல் பல்லைக் கழுவி, பஞ்சில் சுற்றி, கடிதத்தோடு வைத்து அனுப்பினேன்.

நேற்று அக்காவின் பதில் வந்தது. கீழ்வரிசையில் ஒரு பல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறதாம், அத்தான் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டாராம், பெரிதாக ஒன்றுமில்லையாம். மாடு வைத்திருக்கிற வீட்டில் சாணி வாங்கி, பிள்ளையின் பல்லை அதில் உருட்டி, அத்தான் கையால் ஓட்டின்மேல் எறிந்தாயிற்றாம். முதல் தடவை திரும்பி உருண்டு வந்துவிட்டது, இரண்டாம் தடவை நின்றுகொண்டது என்று எழுதியிருந்தாள். கடிதத்தை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஓடிப்போய்க் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து பார்த்தாள். விழுந்த இடத்தில் புதுப்பல் வெள்ளையாகக் கோடு காட்டியிருந்தது. "அப்பா, அங்க மழை பெஞ்சா என் பல்லு நனையுமா?" என்று கேட்டாள். நனையும் என்றேன். அங்கே இப்போது சாரல் காலம்தான். இங்கே ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.